ஒரு வால்வுக்கு யார் விலை வைத்தார்கள்?

கேரள எல்லையோரத்து உதியன்குளங்கரையில் விடிகாலை நாலரை மணிக்கே இரண்டு வகை ஆட்களைப் பார்க்கலாம். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் விளைக்குள் இறங்கும் பால்வெட்டுக்காரர்கள் ஒரு வகை. தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் திருவனந்தபுரம் பேருந்துக்குக் காத்து நிற்பவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையினர் பலரின் கையில் பெரிய பிளாஸ்டிக் கவர் ஒன்று இருக்கும். எக்ஸ்ரே, எக்கோ அறிக்கை, பழைய டிஸ்சார்ஜ் தாள், மாத்திரைச் சீட்டு எல்லாம் அதற்குள். மடங்கிவிடக் கூடாது என்று மார்போடு அணைத்துப் பிடித்திருப்பார்கள். களியக்காவிளைப் பக்கமிருந்து வரும் பேருந்திலும் இதே கவரோடு பத்துப் பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பார்கள். எங்கே என்று கேட்டால் "மெடிக்கல் காலேஜ்" என்பார்கள். அரசு மருத்துவக் கல்லூரி, ஆர்.சி.சி. எனப்படும் புற்றுநோய் மையம், ஸ்ரீசித்ரா மருத்துவமனை மூன்றும் அந்த ஒரே சொல்லில் அடங்கிவிடும்.

மாநிலங்கள் பிரிக்கப்பட்ட 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு இன்றைய தமிழ்நாட்டுக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் போயின. மருத்துவத்துக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பிரிவினை களியக்காவிளையில் நிற்கும் ஒரு பெயர்ப்பலகை, அவ்வளவே. பாறசாலையிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் ஒரே வரிசையில் வந்து நிற்கிறார்கள். அந்த வரிசையில் நின்ற நாட்களில் எனக்குள் எழுந்த கேள்விதான் இந்தக் கட்டுரை. நெஞ்சுக்குள் வைக்கும் வால்வு, கையில் ஏற்றும் ரத்தம் நிறைந்த பை, மருத்துவர் மாட்டும் கையுறை எல்லாமே ஏதோ ஒரு நிறுவனம் செய்து விற்ற பொருள்கள்தான். அவற்றை விற்றவர்கள் லாபமும் பார்த்திருக்கிறார்கள். ஏழையின் தேவையைத் தீர்த்துக்கொண்டே ஒரு தொழில் லாபம் காண முடியுமா என்று உலகம் முழுக்க விவாதம் நடக்கிறது. அதற்கான விடையில் ஒரு நல்ல பங்கு இந்தச் சாலையின் மறுமுனையில், ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது.

விவாதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லாபத்தைப் பெருக்குவதே தொழிலின் ஒரே சமூகக் கடமை என்று பொருளியலாளர் மில்டன் ஃபிரீட்மன் 1970-இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதினார். வறியவர்களைத் தருமத்துக்குக் கை நீட்டுபவர்களாகப் பார்க்காமல் வாடிக்கையாளர்களாகப் பாருங்கள் என்று கோயம்புத்தூரில் பிறந்த சி.கே. பிரகலாத் 2004-இல் வெளியிட்ட நூலில் வாதாடினார். சமூகத்துக்கும் நிறுவனத்துக்கும் சேர்ந்தே மதிப்பை உண்டாக்க முடியும் என்று ஹார்வர்டின் மைக்கேல் போர்ட்டரும் மார்க் கிராமரும் 2011-இல் எழுதினார்கள். மூன்று தரப்புமே பேச்சை நிறுவனத்தின் வாசலிலிருந்துதான் தொடங்குகின்றன. நிறுவனம் என்ன செய்ய வேண்டும், நிறுவனம் எதைக் காணத் தவறுகிறது என்பதே அவர்கள் கவலை. நிறுவனம் உள்ளே வருவதற்கு முந்தைய பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளைப் பற்றி அங்கே அதிகம் பேச்சில்லை. என் பார்வையில் விஷயத்தின் உயிர் அந்த ஆண்டுகளில்தான் இருக்கிறது.

வால்விலிருந்து தொடங்குகிறேன். ஐந்து முதல் பதினைந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தொண்டை வலி வருகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமிதான் காரணம். பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். சில பிள்ளைகளுக்கு மட்டும் இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வரும். கிருமியை எதிர்த்துக் கிளம்பிய உடம்பின் படை, இதய வால்வையே தாக்கத் தொடங்கிவிடும். மூட்டு வலி போய்விடும், வால்வின் புண் போகாது. இதுதான் வாதக் காய்ச்சல் தரும் இதய நோய். ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுத்துறங்கும் வீடுகளில் இந்தக் கிருமி எளிதாகப் பரவும். அதனால் இதை ஏழைகளின் இதய நோய் என்று சொல்வது மிகையாகாது. இருபது வயதில், முதல் பிள்ளைப்பேற்றின்போது, மூச்சு வாங்குகிறது என்று வந்து நிற்கும் பெண்ணின் வால்வு அதற்குள் சுருங்கித் தடித்துப் போயிருக்கும். மாற்று வால்வு வைத்தால் பிழைப்பாள். 1970-களில் அந்த வால்வு வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். கூலி வேலை செய்யும் குடும்பம் அந்த விலையை நினைத்துப் பார்க்கவும் முடியாது.

திருவிதாங்கூர் அரச குடும்பம் 1973-இல் ஒரு பல மாடிக் கட்டடத்தைக் கேரள அரசுக்கு மருத்துவப் பணிக்காக அளித்தது. அதை வெறும் சிறப்பு மருத்துவமனையாக விட்டுவிடாமல், கருவிகளையும் கண்டுபிடிக்கும் இடமாக்க வேண்டும் என்ற எண்ணம் முதலமைச்சர் அச்சுத மேனனுக்கு இருந்தது. மாவேலிக்கரையில் பிறந்து இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பயிற்சி பெற்ற இதய அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தானை அவர் அழைத்து வந்தார். 1976-இல் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கிய ஸ்ரீசித்ரா என்ற அந்த மையம், 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமானது. மருத்துவமனை ஒரு பக்கம் நடக்க, பூஜப்புரையில் சாட்டல்மோண்ட் அரண்மனை வளாகத்தில் பொறியாளர்களும் வேதியியலாளர்களும் கருவிகளை உருவாக்கத் தொடங்கினார்கள். அரச குடும்பம் வாழ்ந்த இடத்தில் கடைசல் இயந்திரம் ஓடிய காட்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

வால்வு என்றால் என்ன? ஒரு வளையம், அதற்குள் சாய்ந்து திறந்து மூடும் ஒரு தட்டு, தட்டைப் பிடித்து நிற்கும் சின்னக் கம்பிக் கால்கள், இதயத்தோடு சேர்த்துத் தைக்க ஒரு துணி விளிம்பு. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் நாணயம் அளவுதான் இருக்கும். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று வைத்துக் கணக்கிட்டால், அந்தத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 3.7 கோடி தடவை திறந்து மூட வேண்டும். ஒரு தடவையும் தவறக் கூடாது. தேயக் கூடாது. அதன்மேல் ரத்தம் உறையக் கூடாது.

ஸ்ரீசித்ராவில் செய்த முதல் வடிவம் பற்றவைத்த இடத்தில் உடைந்தது. இரண்டாம் வடிவத்தில் தட்டைச் செயற்கை நீலக்கல்லில் செய்தார்கள். கல் தேயவில்லை, அது உரசிய உலோகக் கால்கள் தேய்ந்தன. மூன்றாம் வடிவத்தில் இன்னும் கடினமான உலோகக் கலவைக்கு மாறினார்கள். அந்த வால்வு பொருத்திய செம்மறியாடு ஒன்றின் உள்ளே நீலக்கல் தட்டே உடைந்துபோனது. நான்காவது முயற்சியில், செயற்கை மூட்டுகளில் பயன்படுத்தும் ஒரு வகைப் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கால் தட்டைச் செய்தார்கள். அது நின்றது. 1990 டிசம்பர் 6 அன்று முதல் மனித இதயத்தில் சித்ரா வால்வு பொருத்தப்பட்டது. அடுத்த நாலு ஆண்டுகளில் ஆறு மருத்துவமனைகளில் 306 நோயாளிகளுக்கு வைத்துப் பார்த்துத் தரத்தை உறுதி செய்தார்கள்.

இந்தத் தோல்விகளின் பக்கத்திலேயே இன்னொரு வால்வின் கதையை வைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் ஷைலி நிறுவனம் 1979-இல் புதிய வடிவச் சாய்தட்டு வால்வு ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் கம்பிக் காலும் பற்றவைத்த இடத்தில்தான் முறிந்தது. முறிந்தது ஆய்வுக்கூட மேசையில் அல்ல, நோயாளிகளின் நெஞ்சுக்குள். 1986-இல் திரும்பப் பெறப்படுவதற்குள் உலகம் முழுக்கச் சுமார் 86,000 பேருக்கு அதை வைத்திருந்தார்கள். 600-க்கும் மேற்பட்ட வால்வுகள் முறிந்தன, அந்த நோயாளிகளில் பெரும்பாலோர் இறந்தார்கள். திருவனந்தபுரத்துக்காரர்கள் அதிகத் திறமைசாலிகள், அங்கே உள்ளவர்கள் திறமை குறைந்தவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. ஒரே விதமான பலவீனம் இரு இடத்திலும் தெரிந்தது. பங்குதாரருக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசரம் இல்லாத இடத்தில் "இது வேண்டாம், மறுபடி தொடங்குவோம்" என்று சொல்ல முடிந்தது. பத்தாண்டுக்கு மேலான அந்தத் தோல்விகளுக்கான சம்பளத்தையும் ஆடுகளுக்கான தீவனத்தையும் மக்களின் வரிப்பணம் கொடுத்தது. எந்த நிறுவனத்தின் வரவுசெலவுக் கணக்கிலும் அந்தச் செலவு ஏறவில்லை.

அதன் பிறகே தொழில் வருகிறது. 1928-இல் சென்னையில் டி.டி. கிருஷ்ணமாச்சாரி தொடங்கிய டி.டி.கே. குழுமம் தொழில்நுட்பத்தை உரிமம் பெற்று வாங்கியது. திருவனந்தபுரத்திலேயே ஆலை வைத்து 1990-களின் நடுவில் வால்வை விற்பனைக்குக் கொண்டுவந்தது. டி.டி.கே. சித்ரா என்ற பெயரிலேயே இரு தரப்பும் இருக்கின்றன. நிறுவனத்துக்குச் சந்தையும் லாபமும், ஆய்வு நிறுவனத்துக்கு உரிமத் தொகை, நோயாளிக்கு இறக்குமதி வால்வைவிட வெகுவாகக் குறைந்த விலை. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வால்வுகள் மனித இதயங்களில் ஏறியிருக்கின்றன.

இங்கே விலை எப்படி வந்தது என்பதுதான் முக்கியம். செலவைக் கூட்டி, அதன்மேல் லாபத்தை வைத்து, "வாங்க முடிந்தவன் வாங்கட்டும்" என்று சொல்வது வழக்கமான வழி. சித்ரா வால்வில் நோயாளி யார் என்பது முதலிலேயே தீர்மானமாகிவிட்டது. பொது மருத்துவமனைக்கு வரும், வாதக் காய்ச்சலில் வால்வு கெட்ட இளம் வயதுக்காரர் அவர். அவருக்கு எட்டாத விலையில் பொருள் வந்தால் முயற்சியே வீண். ஆகவே வாங்குபவரின் மடியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி நடந்து வந்து செலவைக் குறைத்தார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் இதே திசையில் நடந்ததுதான். பணி ஓய்வுக்குப் பிறகு 1976-இல் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கிய மருத்துவர் கோ. வெங்கடசாமிக்கு, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் இறக்குமதி விலை பெரும் தடையாக இருந்தது. 1992-இல் ஆரோலேப் என்ற பெயரில் சொந்தமாகவே லென்ஸ் செய்யத் தொடங்கினார்கள். விலை பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. விற்பனை உலகம் முழுக்கப் பரவியது.

உள்நாட்டுப் பொருள் ஒன்று கையில் இருந்தால், இறக்குமதிக்காரரிடம் பேரம் பேச மருத்துவமனைக்கு ஒரு நாக்கு கிடைக்கிறது. அந்தப் பேரம் நடக்காதபோது என்ன ஆகும் என்பதற்கு இதய ரத்தக்குழாயில் வைக்கும் ஸ்டென்ட் ஒரு சாட்சி. 2017 பிப்ரவரியில் ஒன்றிய அரசின் மருந்து விலை ஆணையம் உச்சவரம்பு வைத்தது. மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய், சாதா ஸ்டென்ட் 7,260 ரூபாய். அதற்கு முந்தைய நாள்வரை லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கியவர்கள் எங்கள் ஊர்ப் பக்கத்திலும் இருந்தார்கள். தென்னந்தோப்பை ஒற்றிக்கு வைத்தும் கொடுத்தார்கள்.

வால்வைவிடக் குறைவாகப் பேசப்படும் ரத்தப்பையின் கதையும் ஸ்ரீசித்ராவிலிருந்துதான் கிளம்புகிறது. ஒரு காலத்தில் ரத்தத்தைக் கண்ணாடிப் புட்டியில்தான் எடுத்தார்கள். உடையும். கழுவி மறுபடி பயன்படுத்தும்போது நோய்த்தொற்றும் வரும். எடுத்த ரத்தத்தைச் சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு என்று பிரிக்கவும் புட்டி தோதுப்படாது. சுருங்கி விரியும் பிளாஸ்டிக் பை வந்தால் ஒருவர் தந்த ரத்தம் மூன்று பேருக்குப் போகும். பையைச் செய்யும் முறையை ஸ்ரீசித்ரா கண்டது. அதை வாங்கித் தொழிலாக்கியவர் சி. பாலகோபால். 1983-இல் ஐ.ஏ.எஸ். பதவியை விட்டு வந்தவர். பெனின்சுலா பாலிமர்ஸ் என்ற அவருடைய சிறு நிறுவனம் திருவனந்தபுரத்தை அடுத்த புளியறக்கோணத்தில் ஆலை நடத்தி, 1999-இல் ஜப்பானின் டெருமோ நிறுவனத்தோடு கைகோத்தது.

இந்தத் தொழிலுக்குச் சந்தையை விரித்துக் கொடுத்ததில் ஒரு நீதிமன்றத் தீர்ப்புக்கும் பங்கிருக்கிறது என்று நான் கருதுகிறேன். காசுக்கு ரத்தம் விற்பவர்களை நம்பி நாட்டின் ரத்த வங்கிகள் ஓடிய காலம் அது. 1996 ஜனவரி 4 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி 1998 ஜனவரி 1 முதல் அந்த வழக்கம் தடை செய்யப்பட்டது. உரிமம், பரிசோதனை, தன்னார்வ முகாம் என்று ரத்த வங்கிகள் ஒழுங்குக்கு வந்தன. ஒழுங்கான ரத்த வங்கிக்கு நல்ல பை வேண்டும். சட்டம் கடுமையானால் தொழில் செத்துவிடும் என்பார்கள். இங்கே நடந்தது நேர்மாறு.

உதியன்குளங்கரையில் வெட்டும் ரப்பர் பாலுக்கும் இப்படி ஒரு வழி இருக்கிறது. அதிகாலையில் சிரட்டையில் வடியும் வெள்ளைப் பால், ஷீட் அடித்தால் டயருக்குப் போகும், செறிவாக்கினால் கையுறைக்கும் ஆணுறைக்கும் போகும். ஒன்றிய அரசு 1966-இல் உருவாக்கிய ஹிந்துஸ்தான் லேடெக்ஸ் 1969-இல் திருவனந்தபுரம் பேரூர்க்கடையில் ஆணுறை ஆலையைத் தொடங்கியது, ஜப்பானிய ஒகமோட்டோ நிறுவனத்தின் துணையோடு. ஆனால் ஆலை போட்டுவிட்டால் கிராமத்துப் பெட்டிக்கடைக்குச் சரக்கு போய்ச் சேர்ந்துவிடுமா? அரசு ஒரு வழி கண்டது. நிரோத் என்ற பெயரில் ஆணுறை மூன்று சேர்ந்து 15 காசு என்று விலை வைத்து, தேயிலையும் சோப்பும் பேட்டரியும் விற்கும் பெரிய தனியார் நிறுவனங்களின் வண்டியிலேயே ஏற்றிவிட்டது. விலையில் அரசு நட்டத்தை ஏற்றது, கொண்டுபோய்ச் சேர்ப்பதைத் தனியார் ஏற்றார்கள். இன்று எச்.எல்.எல். என்ற பெயரில் அதே நிறுவனம் ஆக்குளத்தில் ரத்தப்பையும் செய்கிறது.

சாலையை மறுபக்கம் திருப்பி மார்த்தாண்டத்துக்குப் போனால் இதைவிடப் பழைய உதாரணம் கிடைக்கும். 1920-களில் அங்கே ஒய்.எம்.சி.ஏ. கிராமச் சீரமைப்பு மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச், காட்டுத் தேனை அடித்து எடுக்கும் வழக்கத்தை மாற்றிப் பெட்டியில் தேனீ வளர்க்கப் பழக்கினார். கூட்டைப் பிழியாமல் சுழற்றித் தேன் எடுத்து, கலப்படமில்லாமல் கூட்டுறவாக விற்றபோது மார்த்தாண்டம் தேன் என்ற பெயருக்கே தனி விலை கிடைத்தது. பிற்பாடு ரப்பர் பரவியதும் தேனீக்குப் புதிய மேய்ச்சல் கிடைத்தது. ரப்பரின் இளந்தளிர்க் காம்பில் சுரக்கும் இனிப்புதான் மாசி, பங்குனித் தேனுக்கு ஆதாரம். 1990-களின் தொடக்கத்தில் சாக்புரூட் வைரஸ் வந்து இரு மாநிலத்திலும் பெரும்பாலான கூடுகளை அழித்தது. புட்டியில் அடைத்து விற்றவர்கள் வேறு ஊர்த் தேனை வாங்கிக்கொள்ளலாம். பெட்டி காலியானவன் என்ன செய்வான்? பிழைத்த கூடுகளைத் தேடிப் பிரித்துப் பெருக்கி மீட்டது விளைகளில் தேனீ வளர்த்தவர்கள்தான்.

இத்தனை நல்ல உதாரணங்களையும் அடுக்கிவிட்டு, தொழில் நினைத்தால் எல்லாச் சமூகத் தேவையையும் தீர்க்கும் என்று முடித்துவிட்டால் நான் வாசகரை ஏமாற்றியவனாவேன். தேவை இருக்கும் இடத்தில் லாபம் இருக்கிறது என்பது உண்மை. அந்த லாபம் தேவையைக் குறைத்து வருகிறதா, வளர்த்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். சிறுகடன் இதற்குக் கசப்பான பாடம். வட்டிக்காரனிடமிருந்து மீட்க வந்த திட்டம் என்ற பெயரோடு பரவிய தனியார் சிறுகடன் தொழிலில், 2010 ஆகஸ்டில் எஸ்.கே.எஸ். நிறுவனம் பங்குச் சந்தைக்கே போனது. இரண்டு மாதத்துக்குள், அக்டோபரில், வசூல் கெடுபிடிகளும் தற்கொலைச் செய்திகளும் பெருகிய நிலையில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ஒரே பெண்ணுக்கு நாலு நிறுவனம் கடன் கொடுத்திருந்தது. ஒன்றின் தவணையை இன்னொன்றின் கடனால் கட்டினாள். எல்லைக் கிராமங்களிலும் வாரத் தவணைக் கூட்டம் நடக்கும் திண்ணைகளை நான் பார்த்திருக்கிறேன். நேரத்துக்கு வந்து சேராதவளுக்காக மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் அந்த மௌனம் வால்வுக்காகக் காத்திருக்கும் வரிசையின் மௌனத்தைவிடக் கொடியது.

2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அதனால் பள்ளிகளுக்குக் கழிப்பறை வந்திருக்கிறது, ஆம்புலன்ஸ் வந்திருக்கிறது. வரட்டும். ஆனால் அது லாபம் வந்த பிறகு எடுத்து வைக்கும் பங்கு. லாபம் எப்படி வந்தது என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை.

எனக்கு மிகவும் உறுத்தும் இடத்துக்கு வருகிறேன். வால்வு கெட்ட பிறகு மாற்றத் தொழில் இருக்கிறது. கெடாமல் காக்க? வாதக் காய்ச்சல் ஒரு தடவை வந்த பிள்ளைக்கு 21 நாளுக்கு ஒரு தடவை பென்சத்தின் பென்சிலின் ஊசி போட்டால், மறுபடி காய்ச்சல் வந்து வால்வைத் தின்பதைப் பெரும்பாலும் தடுக்கலாம். பல ஆண்டுகள் விடாமல் போட வேண்டும். மருந்து பழையது, விலை சொற்பம். வெள்ளைப் பொடியைத் தண்ணீரில் கலக்கினால் கெட்டியாக நிற்கும், மெல்லிய ஊசியில் அடைத்துக்கொள்ளும், போட்ட இடம் இரண்டு நாள் கடுக்கும். ஒவ்வாமை வந்துவிடுமோ என்ற பயத்தில் பல கிளினிக்குகள் போடவே மறுக்கின்றன. கவருக்குள் சீட்டையும் மருந்தையும் வைத்துக்கொண்டு, போட்டுவிட ஆளைத் தேடி அலையும் தாய்மார்கள் உண்டு.

இந்த மருந்தைச் செய்வதில் யாருக்கும் பெரிய லாபமில்லை. அதனால் உலகில் இதன் மூலப்பொருளைச் செய்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்து, பெரும்பாலும் சீனாவில் ஒதுங்கிவிட்டார்கள். பல நாடுகளில் அவ்வப்போது தட்டுப்பாடு வருகிறது. 1950-களிலேயே பூனாவை அடுத்த பிம்ப்ரியில் அரசே ஆலை வைத்துப் பென்சிலின் செய்த நாடு இது. பிற்பாடு மலிவான இறக்குமதிக்கு முன்னால் நிற்க முடியாமல் பென்சிலின்-ஜி உற்பத்தி இங்கே நின்றே போனது. 2020-இல் ஒன்றிய அரசு உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டத்தில் அதைச் சேர்த்து மறுபடி தனியாரை அழைக்க வேண்டியதாயிற்று.

ஒரு பிள்ளைக்கு ஒழுங்காக ஊசி போட்டால் இருபது ஆண்டு கழித்து ஒரு வால்வு விற்காமல் போகும். யாரும் அப்படிக் கணக்குப் போட்டு ஊசியைத் தடுக்கவில்லை. வராமல் போன நோய்க்கு வாங்குபவர் இல்லை, அவ்வளவுதான். கடையில் பணத்தோடு நிற்பவரைத்தான் தொழிலால் பார்க்க முடியும். அந்தப் பிள்ளையைப் பார்க்க வேண்டியவர் பள்ளிக்கு வரும் சுகாதாரச் செவிலியர், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், வீடு வீடாக ஏறி இறங்கும் ஆஷா பணியாளர். தொழில் சமூகத் தேவையைத் தீர்க்கும் என்ற நம்பிக்கையில் இவர்களுக்கான பணத்தை ஒரு ரூபாய் குறைத்தாலும் அது தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதே சமயம், வால்வு வைத்த பிறகும் ஒரு தேவை கேட்பாரற்றுக் கிடக்கிறது. அதில் நேர்மையான தொழிலுக்கு இடமிருக்கிறது. இயந்திர வால்வு வைத்தவர் ஆயுள் முழுக்க ரத்தம் கட்டாத மாத்திரை சாப்பிட வேண்டும். அளவு குறைந்தால் வால்வில் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரும், கூடினால் உள்ளுக்குள் கசியும். ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையில், மைட்ரல் வால்வு மாற்றியவருக்கு எண் 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் நிற்க வேண்டும். முருங்கைக்கீரை ஒரு வாரம் அதிகம் சாப்பிட்டாலே எண் இறங்கும். மாதம் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். வால்வு மலிவாக வந்துவிட்டது, மாத்திரையும் மலிவு. பார்க்கப் போகும் பேருந்துக் கட்டணமும் இழந்த ஒரு நாள் கூலியும் மலிவாகவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், பேருந்தில் என் பக்கத்தில் இருந்த அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். அண்டி ஆபீஸில் முந்திரிப் பருப்பு உடைக்கும் வேலை. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் வால்வு மாற்றியவர். பள்ளிக்கூட நோட்டு ஒன்றை விரித்துக் காட்டினார். தேதி, எண், மாத்திரை அளவு என்று மூன்று கோடு போட்டு, மகளின் கையெழுத்தில், பக்கம் பக்கமாக. நடுவில் மூன்று மாதம் வெற்றிடம்.

"ஏன்க்கா எழுதல்ல?"

"போவல்ல பிள்ளே. ஒரு நாளு போனா வேலையும் போச்சு, வண்டிக்கூலியும் போச்சு. இங்கன பக்கத்துல ஒரு லேப்புல பாத்தேன், ரெண்டு தடவையும் ரெண்டு கணக்கு சொன்னாவ. அதுக்கப்பறம் நம்பிக்கை இல்ல."

விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சில நிமிடத்தில் எண்ணைச் சொல்லும் சிறு கருவிகள் இப்போது உண்டு. சோதனைப் பட்டை மட்டும் இன்னும் விலை கூடுதல். உதியன்குளங்கரையில் ஒன்று, பாறசாலையில் ஒன்று, களியக்காவிளைக்கு அப்பால் ஒன்று என்று நம்பகமான இடங்கள் இருந்தால், கட்டணம் பேருந்துக் கூலிக்குள் அடங்கினால், ஒரு சிறு லேப் நடத்துபவருக்கு மாதந்தோறும் விடாமல் வரும் வாடிக்கையாளர்கள் கிடைப்பார்கள். குடும்பஸ்ரீ பெண்கள் குழுவாகவும் இதை நடத்தலாம். எண்ணைப் பார்த்து மாத்திரை அளவைச் சொல்லும் பொறுப்பை மருத்துவமனை ஒரு போன் அழைப்பில் ஏற்றுக்கொள்ள வேண்டும். பட்டையை இங்கேயே மலிவாகச் செய்யும் ஆய்வுக்கு யாராவது மறுபடி சில ஆண்டுகள் தோற்கக் காசு கொடுக்க வேண்டும்.

அக்கா நோட்டை மூடிக் கவருக்குள் வைத்தார். பேருந்து பாலராமபுரம் தாண்டிக் கொஞ்ச நேரம் நெரிசலில் நின்றது, எஞ்சினும் அணைந்தது. கார்பன் தட்டு வைத்த வால்வாக இருந்தால் அமைதியில் டிக் டிக்கென்று கேட்கும் என்பார்கள். அவருடையதில் இருப்பது பிளாஸ்டிக் தட்டு, ஓசை குறைவு. ராத்திரியில் உற்றுக் கேட்டால் தனக்கு மட்டும் கேட்கும் என்று சொல்லி, நெஞ்சில் கைவைத்துக் காட்டினார்.